செற்றோடு வந்த மாப்பிள்ளை

யோகலிங்கம் யாழ்ப்பாணம் போனது தண்ணீர்ப் பம்புக்கு ஒரு வாசர் வாங்குவதற்காக. திரும்பி வரும்போது வாசரைக் காணவில்லை. மடியில் ஒரு ரேப் ரெக்கோடர் செற் இருந்தது.

அது எழுபத்தொன்பதாம் ஆண்டு. சிறுபோக நெல் கைகொடுத்திருந்தது. கடைகளில் யப்பான் சாமான்கள் வந்து குவியத் தொடங்கிய காலம். பம்புக் கடைக்குப் பக்கத்துக் கடையின் கண்ணாடிக்குள் அது இருந்தது. இரண்டு பக்கமும் வலை போட்ட ஸ்பீக்கர், நடுவில் கசெற் போடும் வாசல், அதற்குக் கீழே விரலால் அழுத்துகிற கட்டைகள் வரிசையாக. கடைக்காரர் ஒரு கட்டையை அமத்தினார். வாசல் படாரென்று திறக்கவில்லை. மூச்சு விடுவதுபோல மெல்ல மெல்லத் திறந்து நின்றது. யோகலிங்கம் இன்னொருதரம் திறந்து காட்டச் சொன்னான். அதற்குப் பிறகும் ஒருதரம். அதற்குள் கடைக்காரர் பெட்டியைக் கட்ட நூல் எடுத்துவிட்டார்.

பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவில்லை. முறிகண்டியில் இறங்கினான். அந்த வழியால் போகிற வாகனம் எதுவும் வீதியோரத்துப் பிள்ளையாரைக் கேட்காமல் போவதில்லை. புது வாகனமென்றால் தேங்காயும் உடைக்க வேண்டும். யோகலிங்கம் நல்ல தேங்காயாகப் பார்த்து ஒன்று வாங்கினான். தேங்காய் விற்றவர் எட்டி வீதியைப் பார்த்து, வாகனம் எங்கே நிற்கிறது என்று கேட்டார். அவன் கையிலிருந்ததைக் காட்டினான். அவர் செற்றையும் அவனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, திருநீற்றை அவனுக்கும் சந்தனத்தைச் செற்றுக்குமாகக் கொடுத்தனுப்பினார்.

ஸ்கந்தபுரத்தில் அவன் காணிக்கு அடுத்த காணி அக்கா அன்னபாக்கியத்தின் காணி. தாய் தகப்பன் இல்லாத அவனுக்குச் சோறும் சட்டமும் அந்த வீட்டிலிருந்துதான் வந்தன. வாசர் எங்கே என்று அக்கா கேட்டாள். பிறகு செற்றைக் கண்டாள். திட்டுவதற்கு வாயெடுத்தவள், வாசல் மெல்லத் திறந்ததைப் பார்த்துவிட்டுத் தானும் ஒருதரம் திறந்து பார்க்கக் கை நீட்டினாள். தம்பி அந்தக் கையை மெதுவாகத் தள்ளி, தானே திறந்து காட்டினான். அன்றைக்கே அக்காவுக்கு விளங்கிவிட்டது. சட்டைத் துணியில் மிஞ்சிய பூப்போட்ட துண்டை எடுத்து, பொத்தான் வைத்து, செற்றுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள்.

"நாளைக்கு நீ கட்டி எனக்கு ஒரு மச்சாள் வந்தாலும் இப்பிடி அளவெடுத்துத் தைக்கமாட்டன்" என்றாள்.

ஊரில் கரண்ட் கிடையாது. செற் பற்றறியில் ஓடியது. பற்றறி தளர்ந்தால் வெயிலில் காயப்போட, கொஞ்சம் உயிர் வரும். அக்கா செத்தல் மிளகாய் காயவைக்கிற சாக்கின் ஓரத்திலேயே பற்றறிகளும் காய்ந்தன. காகம் விரட்டுகிற வேலை யோகலிங்கத்துடையது. காகம் மிளகாயைத் தொட்டால் பேசாமல் இருப்பான். பற்றறிப் பக்கம் நடந்தால் எழும்பி ஓடுவான்.

ஒரு ஊரில் ஒரு செற் என்றால் அது ஊர்ச் செற். கலியாணம், சாமத்தியச் சடங்கு, புதுவீடு குடிபூரல் என்று ஆட்கள் வந்து கேட்டார்கள். நல்ல காரியத்துக்குக் கேட்டதை இல்லையென்று சொல்ல முடியாது. சொன்னால் நாளைக்கு வயலில் அரிவு வெட்டுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். ஆனால் இன்னொருவன் கையில் செற்றைக் கொடுத்துவிட்டு யோகலிங்கத்தால் நித்திரை கொள்ளவும் முடியாது. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். செற் வரும், ஆனால் அவனோடுதான் வரும். போடுவதும் நிற்பாட்டுவதும் அவன் கைதான்.

அப்படித்தான் அவன் சொந்தமில்லாத கலியாணங்களுக்கெல்லாம் போகத் தொடங்கினான். அக்கராயனிலும் முறிகண்டியிலும் மாங்குளத்திலும் அவனுக்குப் பந்தியில் ஓர் இலை எப்போதும் இருந்தது. செற்றுக்கு ஒரு கதிரை, அவனுக்கு ஒரு கதிரை. அக்கா மட்டும், ஆக்கிய சோறு நாய்க்குப் போகிறது, முப்பத்தொரு வயதில் ஊரான் கலியாணமெல்லாம் பார்க்கிறவன் தன்னுடைய கலியாணத்தை எப்போது பார்க்கப் போகிறான் என்று புறுபுறுத்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் செற் பாட்டுப் பெட்டியாகவே இருந்திருக்கும், வீரபாகு வந்து கேட்டிராவிட்டால்.

வீரபாகு மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தோடு குடும்பமாக வந்தவர். குளக்கட்டுக்குக் கீழே காடு வெட்டி, மிளகாய் நட்டு, யோகலிங்கத்தின் வயலிலும் வேலை செய்து தலையெடுத்துக்கொண்டிருந்தார். மகள் சிவலட்சுமிக்குக் கலியாணம். மாப்பிள்ளை வந்தாயிற்று, ஐயர் வருகிறார், பந்தலும் போட்டாயிற்று. மேளம்தான் இல்லை. மேளக்காரரை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட அவருக்கு வசதி கிடையாது.

"பாட்டு என்ன பாட்டுங்க, அது கெடக்குது" என்றார் வீரபாகு. "தாலி கட்டுற நேரம் கெட்டிமேளம் வேணுமுங்க தம்பி. யாராச்சும் தும்முனாக்கூட எம்புள்ள காதுல விழக்கூடாது. ஒங்க பொட்டிக்குள்ள அது வருமா?"

வருமா வராதா என்று யோகலிங்கத்துக்குத் தெரியாது. ஆனால் அடுத்த கிழமை கோண்டாவிலில் அவன் ஒன்றுவிட்ட தம்பிக்குக் கலியாணம். அந்த மேளத்தைப் பதிந்துவரப் புதுக் கசெற் ஒன்றோடு போனான். மேளக்காரருக்கு முன்னால் செற்றைக் கட்டிப்பிடித்தபடி குந்திவிட்டான். தவில்காரர் கையை வீச இடமில்லாமல் இரண்டுதரம் அவனைத் தள்ளியிருக்கச் சொன்னார். தள்ளி இருந்தவன் கெட்டிமேளம் என்ற குரல் கேட்டதும் பழையபடி கிட்ட வந்துவிட்டான். சொந்தக்காரர் எல்லாரும் அரிசி போட மணவறைக்கு முன்னால் நிற்க, அவன் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு தவிலைப் பார்த்தபடி இருந்தான்.

சிவலட்சுமியின் கலியாணத்தன்று கசெற்றைப் பென்சில் விட்டுச் சுற்றி, மேளம் தொடங்குகிற இடத்துக்குச் சரியாகக் கொண்டுவந்து வைத்திருந்தான். ஐயர் கை தூக்க, கட்டையை அமத்தினான். பந்தல் அதிர்ந்தது. சனம் தாலியைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேளக்காரர் எங்கே இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தது. வீரபாகுவின் மனைவி பேச்சியம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அவள் அழுத சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை. கெட்டிமேளம் தன் வேலையைச் செய்துவிட்டது.

அந்த நாளிலிருந்து அவன் கெட்டிமேள யோகலிங்கம். வசதி குறைந்த கலியாணங்களுக்கு அவன்தான் தவில், அவன்தான் நாதஸ்வரம். ஒரே ஒருதரம் பிசகியது. அக்கராயனில் காலையிலிருந்து பாட்டுப் போட்டுப் பற்றறி தளர்ந்திருந்தது. ஐயர் கை தூக்கியபோது செற்றுக்குள்ளிருந்து எருமை ஒன்று முனகியது. மாப்பிள்ளை சிரித்துவிட்டான், தாலி கைதவறப் பார்த்தது. அதற்குப் பிறகு கெட்டிமேளத்துக்கென்று தனிப் பற்றறிகள் வைத்துக்கொண்டான். வேறொருவர் செற்றுக்குக் கிட்ட வருவதும் அதோடு அடியோடு நின்றது. தூசி தட்டக்கூட அக்காவை விடவில்லை.

எண்பத்தோராம் ஆண்டு வைகாசியில் மாங்குளத்தில் ஒரு கலியாணம். செற்றைக் கதிரையில் வைத்துவிட்டு யோகலிங்கம் பக்கத்தில் நின்றான். பெண்கள் பக்கம் ஓடியாடி வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண், கையில் வெற்றிலைத் தட்டத்தோடு வந்தாள். வைக்க இடமில்லை. அந்தக் கதிரையில் செற்றை ஒரு கையால் அரக்கிவிட்டு, தட்டத்தை வைத்தாள்.

"தங்கச்சி, தொடாதேங்கோ" என்றான் யோகலிங்கம்.

அவள் நின்று அவனை ஒருதரம் பார்த்தாள். "தொடேல்லை அண்ணை. தள்ளினனான்."

போய்விட்டாள். யோகலிங்கத்துக்கு அன்றைக்குப் பாட்டு ஒன்றும் காதில் ஏறவில்லை. கெட்டிமேளத்துக்குக்கூட ஒரு கணம் பிந்தித்தான் அமத்தினான்.

அதற்குப் பிறகு மாங்குளத்தில் யாருக்காவது கலியாணம் இருக்கிறதா என்று அவனாகவே விசாரிக்கத் தொடங்கினான். கலியாணம் இல்லாவிட்டால் குடிபூரல் இருக்கிறதா என்று கேட்டான். அக்காவுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. உழவு இயந்திரம் வைத்திருந்த அப்புத்துரை அண்ணரைக் கூப்பிட்டாள். அவர் நாலு ஊருக்கு உழவு அடிக்கிறவர். போகிற இடங்களில் கலியாணமும் பேசுவார். பெண் யாரென்று ஒரே நாளில் அறிந்துகொண்டு வந்தார். பெயர் இராசேஸ்வரி. மாங்குளம் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற வீரகத்தியரின் மகள். கடைக் கணக்கு முழுவதும் அவள் வாயில்தான்.

சாதகம் பொருந்தியது. வீரகத்தியருக்கும் சம்மதம். அப்புத்துரை இரண்டாம்தரம் போய்விட்டு வந்து, முற்றத்தில் உழவு இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு இறங்காமலே சிரித்தார்.

"பெட்டை ஒண்டே ஒண்டுதான் கேட்டவள்" என்றார். "அந்தச் செற்றைத் தான் தொடலாமோ எண்டு."

யோகலிங்கம் திரும்பிச் செற்றைப் பார்த்தான். பெண் கேட்டதன் பொருள் அக்காவுக்கு உடனே விளங்கியது. ஒரு வீட்டுக்கு வாழ வருகிறவள், அந்த வீட்டுச் சாமானைத் தொடப் பயந்துகொண்டு விருந்தாளிபோல இருக்க முடியாது. ஓம் என்று சொல்லச் சொல்லி அக்கா தம்பியின் முதுகில் இடித்தாள்.

"பழகினாப் பிறகு தொடலாம் எண்டு சொல்லுங்கோ" என்றான் யோகலிங்கம்.

"ஆரோடை பழகினாப் பிறகு? உன்னோடையோ, செற்றோடையோ?" என்றார் அப்புத்துரை.

கடைசியில் ஓம் என்றான். அப்புத்துரை அதைக் கொண்டுபோய்ச் சொன்னார். மறுபடி வந்தபோது சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. ஓம் என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தவர் என்று பெண் கேட்டிருக்கிறாள். உடனே சொன்னவர் என்று அப்புத்துரை அடித்துவிட்டிருக்கிறார். அவள் நம்பவில்லை. வாயால் சொல்வது வேறு, செய்வது வேறு, தான் பார்ப்பேன் என்றிருக்கிறாள்.

"கவனம் தம்பி" என்றார் அப்புத்துரை. "அவள் பாப்பன் எண்டால் பாப்பள்."

ஊருக்குள் கதை பரவியது. தங்கச்சி என்று கூப்பிட்டவளையே கட்டப் போகிறான் என்று வாய்க்கால் துப்புரவாக்குகிற இடத்தில் ஒரு நாள் முழுக்கப் பகிடி நடந்தது. யோகலிங்கம் சிரித்துக்கொண்டே இருந்தான். உள்ளுக்குள் மட்டும் ஒரு பயம். இராசேஸ்வரி எதைப் பார்ப்பாள், எப்போது பார்ப்பாள் என்று தெரியவில்லை. தான் அந்த நேரம் சரியாக நடந்துகொள்வேனா என்பதும் தெரியவில்லை. தனியாக இருக்கும்போது, அவள் கை செற்றில் படுவதாக நினைத்துப் பார்த்தான். நினைப்பிலேயே அவன் கை தடுக்கப் போனது.

ஆவணியில் கலியாணம், பெண் வீட்டில். தன் கலியாணத்துக்கு உண்மையான மேளம்தான் வேண்டும் என்று யோகலிங்கம் முதலே சொல்லிவிட்டான். யாழ்ப்பாணத்திலிருந்து மேளக்காரர் காரில் வருவதாக ஏற்பாடு. செற்றை வீட்டில் விட்டுவிட்டு வரத்தான் நினைத்தான். ஆனால் ஊர் முழுக்க மாங்குளத்துக்குப் புறப்பட்டுவிட, ஆளில்லாத ஊரில் அதைத் தனியே விட மனம் வரவில்லை. அப்புத்துரையின் உழவு இயந்திரத்தில் பூட்டிய இழுவைப் பெட்டியில், பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை கதிரையில் இருந்தான். மடியில் பூப்போட்ட சட்டை போட்டபடி செற் இருந்தது.

மாங்குளத்தில் பந்தல் நிறைந்துவிட்டது. மேளத்தைத்தான் காணவில்லை. ஐயர் ஓமம் வளர்த்தார். மேளமில்லை. பெண்ணைக் கூட்டிவந்து மணவறையில் இருத்தினார்கள். மேளமில்லை. அப்போது வீரகத்தியரின் கடையில் தேத்தண்ணி குடிக்க நின்ற லொறி ஓட்டுநர் ஒருவர் தற்செயலாகச் சொன்ன கதை பந்தலுக்கு வந்து சேர்ந்தது. பரந்தனுக்கு அங்காலே ஒரு பழைய கார் சில்லுக் கழன்று நிற்கிறதாம். கூரையில் தவில் கட்டியிருக்கிறதாம். நாலு பேர் மரநிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

வீரகத்தியர் தலையில் கைவைத்தார். பந்தலின் பின்பக்கத்திலிருந்து வீரபாகுவின் குரல் கேட்டது.

"அதான் பொட்டி இருக்குதுங்களே."

எல்லாரும் திரும்பி, பந்தலோரக் கதிரையில் இருந்த செற்றைப் பார்த்தார்கள். யோகலிங்கமும் பார்த்தான். பற்றறி புதிது. கெட்டிமேளக் கசெற் உள்ளேதான் இருந்தது. சுற்றி வைத்ததும் சரியான இடத்தில்தான். ஒன்றுதான் குறை. இவ்வளவு நாளும் யாரோ தாலி கட்ட, இவன் அமத்தினான். இன்றைக்குத் தாலி இவன் கையில்.

இராசேஸ்வரியின் தம்பி ராசு மாப்பிள்ளைத் தோழனாகப் பக்கத்தில் இருந்தான். தான் அமத்துகிறேன் என்றான். யோகலிங்கம் அவன் விரல்களைப் பார்த்தான். பலகார எண்ணெய் பளபளத்தது. வேண்டாமென்றான். அப்புத்துரை முன்னுக்கு வந்தார். ஓட்டுகிற உழவு இயந்திரத்தின் கியர் கம்பியையே முறித்தவர் அவர். வேண்டாமென்றான். வீரபாகுவைக் கேட்டார்கள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தன் கை பட்டால் உடைந்துவிடும் என்று பின்வாங்கினார். அக்காதான் தோழி, தாலி கட்டும்போது பெண்ணின் கொண்டையைத் தூக்கிப் பிடிக்கவேண்டியவள்.

தானே ஒரு கையால் அமத்திவிட்டு உடனே கட்டுவதாக மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தான். ஐயர் அவனை முறைத்தார். தாலியை எடுத்த கை வேறெதையும் தொடக்கூடாது என்றார். நல்ல நேரம் முடியப் போகிறது என்றும் சொன்னார்.

"கொஞ்சம் பொறுத்துப் பாப்பம் ஐயா" என்றான் யோகலிங்கம். "கார் வந்தாலும் வரும்."

பந்தல் முணுமுணுத்தது. வீரகத்தியரின் முகம் கறுத்தது. அக்காவுக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது. குனிந்திருந்த இராசேஸ்வரி தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். கோபமில்லை. அன்றைக்கு வெற்றிலைத் தட்டத்தோடு நின்று பார்த்த அதே பார்வை. அவள் பார்க்கப் போவதாகச் சொன்னது இந்த நேரத்தைத்தான் என்று யோகலிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

"மச்சாள்" என்றாள் அவள், அன்னபாக்கியத்திடம். குரல் தாழ்ந்திருந்தாலும் முன்வரிசைக்குக் கேட்டது. "அதைக் கொண்டுவந்து என்ரை பக்கத்திலை வையுங்கோ."

மணவறையில் பெண் கதைத்ததை அந்தப் பந்தல் முன்பு கண்டதில்லை. அக்கா தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை; பார்த்தால் அவன் வேண்டாமென்பான். போய்ச் செற்றை எடுத்தாள், சட்டையைக் கழற்றினாள், ஒரு பலகையைப் போட்டு இராசேஸ்வரியின் வலக்கைக்கு எட்ட வைத்தாள்.

யோகலிங்கத்தின் வாய் தன்பாட்டில் ஓடத் தொடங்கியது. இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது கட்டை என்றான். நகம் படாமல் விரல் நுனியால் அமத்த வேண்டும், அமத்தியபின் கையை எடுத்துவிட வேண்டும் என்றான். "ஓரத்திலை இருக்கிற சிவப்பை மட்டும் தொட்டிடாதேயும். அது கசெற்றிலை இருக்கிறதை அழிச்சுப்போடும்."

ஐயர் கூறைத் தட்டிலிருந்து தாலியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அக்கா கொண்டையைத் தூக்கினாள். இராசேஸ்வரியின் மருதோன்றி வைத்த விரல் செற்றுக்கு மேலே போனது. மூன்றாவது கட்டையைக் கடந்தது. சிவப்புக் கட்டையில் போய் மெல்ல இருந்தது. அவள் முகத்தைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

அவன் வாய் திறந்தது. அந்த வாயிலிருந்து என்ன வரும் என்று அக்காவுக்குத் தெரியும். இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். யோகலிங்கம் விரலைப் பார்த்தான், சிவப்புக் கட்டையைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான்.

"எதை எண்டாலும் அமத்தும்" என்றான். "உம்மடை செற்தானே."

செற்றிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டு, அவள் கழுத்துக்குத் தாலியைக் கொண்டுபோனான்.

இராசேஸ்வரி தலை குனிந்தாள். சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தாள் என்று அக்கா பிறகு சத்தியம் பண்ணினாள். விரல் ஓரத்திலிருந்து நகர்ந்து மூன்றாவது கட்டைக்கு வந்தது. ஐயர் கை தூக்கினார். கோண்டாவில் தவில் மாங்குளத்தில் இடியாக விழுந்தது. அரிசியும் பூவும் வந்து கொட்டின. யோகலிங்கம் முடிச்சுப் போட்டான். எத்தனையோ கலியாணத்தில் அந்த மேளத்தைக் கேட்டவன். இந்தத்தரம் அது எந்த இடத்தில் முடிந்தது என்று அவனுக்குத் தெரியாது. அவள்தான் நிற்பாட்டினாள்.

மேளக்காரர் இரண்டாம் பந்திக்குச் சரியாக வந்து சேர்ந்தார்கள். வெறுங்கையோடு சாப்பிட வெட்கப்பட்டு, சாப்பாடு முடிந்தபின் வெகுநேரம் வாசித்தார்கள். அப்புத்துரை அவர்களிடம் போய், அடுத்தமுறை இன்னும் ஆறுதலாக, அவசரமில்லாமல் வரலாம் என்று சொன்னார்.

பொழுது சாயமுன் உழவு இயந்திரம் ஸ்கந்தபுரத்துக்குப் புறப்பட்டது. பெட்டியில் இரண்டு கதிரை போட்டு மாப்பிள்ளை பெண்ணை இருத்தினார்கள். செற் இராசேஸ்வரியின் மடியில் ஏறிவிட்டது. அவள் கேட்டு வாங்கவுமில்லை, அவன் கொடுக்கவுமில்லை. ஏறும்போது யாரோ நீட்ட, அவள் வாங்கிக்கொண்டாள்.

யோகலிங்கத்துக்குக் கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முழங்காலில் வைத்தான். பெட்டிப் பலகையைப் பிடித்தான். நெஞ்சுக்குக் குறுக்கே கட்டினான். வீதி குண்டும் குழியுமாக வரும் இடங்களில் கை தன்பாட்டில் மடியை அணைக்கப் போனது, மடியில் ஒன்றுமில்லை.

"என்ன தேடுறியள்?" என்றாள் இராசேஸ்வரி.

"ஒண்டுமில்லை."

அவள் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினாள். நல்ல பாரமான மாலை. அதை மடித்து அவன் இரண்டு கையிலும் வைத்தாள்.

"சும்மா இருக்கிற கைதானே. நசியாமல் பிடியுங்கோ."

அவன் பிடித்துக்கொண்டான். அவள் கசெற் வாசலைத் திறந்து பார்த்தாள். அது மூச்சு விடுவதுபோல மெல்லத் திறந்தது. அவள் புருவம் உயர்ந்தது. மூடிவிட்டு இன்னொருதரம் திறந்தாள். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து, இது நெடுக இப்படித்தான் திறக்குமா என்று கேட்டாள்.

"ஓம்" என்றான் யோகலிங்கம். இந்தமுறை உடனே சொன்னான்.